எட்டரை மணி மழை

சப்ரகமுவ தோட்டங்களில் மழை ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் கணக்கில் ஏறியது, காலை எட்டரை மணிக்கு. முதல் நாள் எட்டரையிலிருந்து அன்று எட்டரை வரை விழுந்த தண்ணீர் முழுவதும் ஒரே எண்ணாகி, ஆபீசில் இருந்த நீளமான பதிவேட்டில் ஏறும். இரவு பதினொரு மணிக்குக் கொட்டிய பேய்மழைக்கும் விடியற்காலைத் தூறலுக்கும் அந்த ஏட்டில் வித்தியாசம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக இதுதான் வழக்கம். அந்தக் கணக்கு யாருக்காக எழுதப்பட்டது, யாருக்கு உதவியது, யாரிடம் போய்ச் சேராமலே போனது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். அதை எழுதிய கைகளில் என் கையும் ஒன்று.

யட்டியாந்தோட்டைப் பக்கத்தில் றப்பரும் தேயிலையும் கலந்த ஒரு தோட்டம். அப்பா அங்கே பால் வெட்டினார். நான் நாலெழுத்துப் படித்ததால் ஆபீசில் சின்னக் கிளாக்கராக ஏறினேன். எழுபதுகளின் கடைசிக் காலம் அது. செக்ரோல் என்ற வேலைநாள் பதிவு, அரிசிக் கணக்கு, தபால் எல்லாவற்றோடும் மழைக் கணக்கும் சின்னக் கிளாக்கரின் தலையில்தான் விழும்.

மலையகம் என்றதும் பலருக்கும் ஹட்டனும் நுவரெலியாவும்தான் நினைவுக்கு வரும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்கள் மலையின் காலடியில் இருப்பவை. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து முதலில் முட்டுவது இந்தச் சரிவுகளில்தான். இரத்தினபுரியில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 மில்லிமீற்றர் மழை பெய்யும். அது யாழ்ப்பாணத்து மழையைப் போல மூன்று மடங்கு. இன்னும் மேலே ஏறி கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் போனால் 5,000ஐத் தாண்டும். கீழே களனி கங்கையும் களு கங்கையும் இந்தத் தண்ணீரை அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடுகின்றன. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை பருவமழை, ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடியோடு வரும் பின்னேர மழை. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளின் கூரைத் தகரம் காய்கிற நாட்களை எங்கள் வீட்டில் விசேஷமாகவே பேசுவார்கள்.

கோப்பி நோயில் அழிந்த பிறகு இந்தத் தாழ்ந்த மலைகளுக்குத் தேயிலை வந்தது. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்து வேர்விட்ட றப்பர், இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் களனிப் பள்ளத்தாக்கை நிறைத்தது. அந்த றப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கத்தான் களனிவெளி என்ற சின்ன றயில் பாதையைப் போட்டார்கள். 1903இல் அது யட்டியாந்தோட்டையைத் தொட்டது, 1912இல் இரத்தினபுரிக்குப் போனது. எங்கள் பக்கத்துத் தண்டவாளத்தை இரண்டாம் உலகப் போரின்போது பெயர்த்து எடுத்துவிட்டார்கள். ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று காட்ட என் சிறுவயதில் கிழவர்கள் இருந்தார்கள்.

மழைமானி இந்த வரலாற்றோடு சேர்ந்தே வந்தது. இங்கிலாந்தில் ஜோர்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர் 1860இலிருந்து பாதிரியார், பண்ணைக்காரர், பள்ளி ஆசிரியர் என்று தன்னார்வலர்களைச் சேர்த்து, வீட்டுக்கு வீடு மழையை அளக்கவைத்து, ஆண்டுதோறும் புத்தகமாகப் போட்டார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஆட்கள்தான் இங்கே துரைமாராக வந்தார்கள். பங்களாப் புல்வெளியிலோ ஆபீஸ் முற்றத்திலோ ஒரு செப்புக் குழலை நட்டுவைக்காத தோட்டம் குறைவு. அரசாங்கப் பக்கத்தில் இந்த வேலை முதலில் நில அளவைத் திணைக்களத்திடம் இருந்தது. 1907இல் கொழும்பு வானிலை ஆய்வகம் ஏற்பட்டது. 1948இல் வளிமண்டலவியல் திணைக்களம் தனியாகப் பிரிந்தது. அதன் மழைப் பட்டியலை விரித்தால் ஊர்ப் பெயர்களுக்கு நடுவே தோட்டப் பெயர்கள் வரிசையாக வரும். இலங்கையின் மழை வரலாற்றில் நல்ல பங்கு தோட்ட ஆபீஸ்களில், சம்பளத்துக்கு மேல் ஒரு சதமும் வாங்காத கிளாக்கர்மார் எழுதியது. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை என்பதால் நான் சொல்கிறேன்.

அளக்கும் முறையைச் சொல்கிறேன். எங்கள் மானியின் வாய் ஐந்து அங்குலம். விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கும். அதைவிடத் தாழ்ந்தால் நிலத்தில் விழுந்த துளி தெறித்து உள்ளே போகும், உயர்ந்தால் காற்று மழையை வாயிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும். விளிம்பு கத்தி போலக் கூராகச் சீவப்பட்டிருக்கும். ஒரு துளி அதன்மேல் விழுந்தால் இரண்டாக வெட்டுப்பட்டு, உள்ளே சேரவேண்டியது உள்ளே, வெளியே போகவேண்டியது வெளியே. புனலைத் தூக்கிவிட்டு உள்ளிருக்கும் போத்தலை எடுத்து, கீழே குறுகிய ஒரு கண்ணாடி அளவையில் மெதுவாக ஊற்ற வேண்டும். அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை கோடு போட்டிருக்கும். தண்ணீர் கண்ணாடிச் சுவரோரம் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் தாழ்ந்திருக்கும். அந்தத் தாழ்வைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து. பெரிய கிளாக்கர் ஐயா முழந்தாளிட்டுப் பார்ப்பார். "நின்னுக்கிட்டு பாத்தா ரெண்டு கோடு கூட வரும் தம்பி" என்பார். பெருமழை நாட்களில் போத்தல் நிரம்பி வழிந்து வெளிக்குழலில் தண்ணீர் நிற்கும். அதையும் அளவையில் ஊற்றி ஊற்றிக் கூட்டவேண்டும். புனல் வாயில் ஒரு றப்பர் இலை ஒட்டியிருந்தால் பாதி மழை கணக்கில் வராது. ஆகவே முதல் வேலை புனலைப் பார்ப்பது.

என் காலத்தில்தான் அங்குலம் போய் மில்லிமீற்றர் வந்தது. ஏட்டின் ஒரு பக்கத்தில் 4.10 என்றும் அடுத்த பக்கத்தில் 104 என்றும் இருக்கும்.

இந்த எண்ணால் தோட்டத்துக்கு நல்ல பயன் இருந்தது. பசளையைப் பெருமழைக்கு முந்திப் போட்டால் ஆற்றோடு போகும், மழையே இல்லாமல் போட்டால் வேரில் இறங்காது. 1946இல் இலங்கைத் தேயிலையைப் பிடித்த கொப்புள நோய் ஈரமும் மூட்டமும் நிற்கிற நாட்களில் பரவும், மருந்து அடிக்க மழைக் கணக்கும் வெயில் கணக்கும் வேண்டும். றப்பரில் தென்மேற்கு மழை நீண்டால் பூஞ்சை பிடித்து இலை கொட்டும். எல்லாவற்றுக்கும் மேலே பால் வெட்டு. மரப்பட்டை நனைந்திருந்தால் பால், வெட்டின கோட்டிலே ஓடாமல் பட்டை முழுக்கப் பரவி வழியும். வெட்டி முடித்த பிறகு மழை பிடித்தால் சிரட்டையில் இருக்கும் பால் கழுவிக்கொண்டு போகும். மரத்துக்குப் பொலித்தீன் பாவாடை கட்டும் வழக்கம் வருவதற்கு முந்தி, மழை நாள் என்றால் வேலை இல்லாத நாள். மாதக் கடைசியில் எத்தனை நாள் வெட்டு நின்றது என்று துரை கொழும்புக்கு எழுதும் கடிதத்தில் இந்த ஏட்டின் எண்தான் சாட்சி.

ஆக, மழை எண் துரைக்குப் போனது, தோட்டத்தைக் கொழும்பிலிருந்து நிர்வகித்த ஏஜன்சி ஹவுசுக்குப் போனது, கொழும்பு ஆய்வகத்துக்குப் போனது. தொழிலாளர் காலையில் கூடிப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு மட்டும் வரவில்லை.

ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. இரவெல்லாம் கூரை அதிர்ந்தது. எட்டரைக்கு நான் மானியை அளந்துகொண்டு நிற்கையில், மேட்டு லயத்தில் இருந்த ஆயா ஒருவர் வெறுங்கையோடு வந்தார். அன்று வெட்டு இல்லை.

"தம்பி, ராவுல எவ்வளவு பெஞ்சுச்சு?"

"நாலு அங்குலம், ஆயா."

கொஞ்ச நேரம் கண்ணாடி அளவையையே பார்த்தார். "நாலு அங்குலம்னா பயப்படணுமா, வேணாமாய்யா? லயத்துக்குப் பின்னால மண்ணு வெடிச்சுக் கெடக்கு."

ஏட்டில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. கங்காணியிடம் சொல்லி லயத்துக்குப் பின்னால் கானை ஆழமாக வெட்டச் சொன்னோம். அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ஏடுகளின் கதியையும் சொல்ல வேண்டும். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போயின, 1992இல் 22 கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டன. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஆபீஸ் அலுமாரி காலியானது. 1977இலும் 1983இலும் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டத்துக் குடும்பங்கள் பல வீடு இழந்து வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. போனவர்களில் கிளாக்கர்மாரும் இருந்தார்கள். பழைய ஏடுகளைப் புரட்டினால் ஒரு கையெழுத்து சட்டென்று நின்று, சில வாரம் வெறும் கட்டமாக இருந்து, வேறொரு கையெழுத்து தொடங்கும். அந்த வெற்றுக் கட்டங்களிலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஆயாவின் கேள்விக்குப் பதில் பிறகு வந்தது, பெரிய விலை கொடுத்து. 2003 மே 17ஆம் திகதி இரத்தினபுரி மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, களு கங்கை ஊரை மூழ்கடித்தது. நாடு முழுவதும் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். 2016 மே 17, அதே திகதி, கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி வந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களை மூடியது. அன்றே புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மண் விழுந்து பத்துக்கு மேற்பட்ட எங்கள் மக்கள் போனார்கள். அரநாயக்கவின் பெயர் எல்லோருக்கும் தெரியும், களுபஹனவின் பெயரை இப்போது எத்தனை பேர் சொல்கிறார்கள்? அடுத்த ஆண்டு, 2017 மே கடைசியில், இரத்தினபுரியும் களுத்துறையும் மறுபடி மூழ்கின. அப்போது குக்குலே கங்கைப் பக்கம் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்தது.

1984இல் ஏற்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம்தான் இந்த நாட்டில் மண்சரிவைப் பார்க்கும் நிறுவனம். அவர்கள் வகுத்த எல்லைகள் இவை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஓர் ஏக்கர் சரிவில் 150 மில்லிமீற்றர் என்றால் ஆறு இலட்சம் லீற்றர் தண்ணீர், அதாவது 600 தொன் பாரம். அதில் ஓடியது போக, மண்ணுக்குள் இறங்கியது மண்ணின் பிடியைத் தளர்த்தி அதைத் தள்ளுகிறது.

ஆயாவின் நாலு அங்குலம் 100 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே. பயப்பட வேண்டிய மழைதான்.

அந்தக் கடைசி எல்லையைப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் 75. எட்டரை மணி ஏட்டால் அதைச் சொல்லவே முடியாது. இரவு பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் அந்த மழை பெய்திருந்தால், காலையில் கிளாக்கர் புனலைத் தூக்கும்போது லயம் இருந்த இடத்தில் மண்தான் இருக்கும். மழையை நாளால் அளப்பது பயிருக்குப் போதும். உயிருக்கு நிமிடத்தால் அளக்க வேண்டும்.

நிமிடத்தால் அளக்கும் முயற்சி புதிதல்ல. இங்கிலாந்தின் கிறிஸ்தோபர் ரென் 1660களிலேயே, நிறைந்ததும் தானாகக் கவிழ்கிற சின்ன வாளி ஒன்றைச் செய்தார். பிற்காலத்து வாளி இருபுறமும் சாயும்: ஒரு பக்கம் நிறைந்ததும் கவிழும், மறு பக்கம் வாய்க்கு வரும். ஒவ்வொரு கவிழ்ச்சிக்கும் இவ்வளவு மழை என்று கணக்கு. இன்றைய தானியங்கி மழைமானிகளில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் நடக்கின்றன. ஆனால் நம்முடைய மழைக்கு அதில் இரண்டு குறை உண்டு. வாளி கவிழும் அந்தக் கணத்தில் விழுகிற தண்ணீர் கணக்குத் தப்பும், மழை எவ்வளவு கனக்கிறதோ அவ்வளவு தப்பும். இன்னொன்று, அதற்கும் புனல் வேண்டும், புனல் என்றால் இலை அடைக்கும். சரிந்த மலைக்குப் பக்கத்தில் மானி பூச்சியம் காட்டிக்கொண்டிருக்க ஒரு றப்பர் இலை போதும்.

புனலே இல்லாமல், துளி துளியாக மழையை எண்ணும் வழியை விஞ்ஞானிகள் நெடுநாள் தேடினார்கள். வியன்னாவின் தாவரவியலாளர் வீஸ்னர், சாயம் தடவிய வடிதாளில் துளியை விழவைத்துக் கறையின் அகலத்தை அளந்தார். அதை அவர் 1895இல் வெளியிட்டார். அமெரிக்காவில் வெர்மொன்ட் மாநிலத்துப் பண்ணைக்காரர் வில்சன் பென்ட்லி, பனிப்படிகங்களைப் படம்பிடித்துப் பேர்பெற்றவர், ஒரு தட்டில் ஓர் அங்குலத்துக்கு மாவைப் பரப்பி மழையில் சில செக்கன் நீட்டினார். ஒவ்வொரு துளியும் மாவைச் சேர்த்து ஒரு குட்டி உருண்டையாகியது. உருண்டையின் பருமனிலிருந்து துளியின் பருமனைக் கண்டு 1904இல் எழுதினார். மண்ணரிப்பை ஆராய்ந்தவர்கள் பிற்பாடு இந்த மாவுத் தட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். துளியின் பருமன் தெரிந்தால் அது மண்ணை எவ்வளவு அடிக்கிறது என்று தெரியும்.

சரிவில் வாழ்கிறவர்களுக்கு இது முக்கியமான விஷயம். ஒரு மில்லிமீற்றர் துளி செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் விழுகிறது. ஐந்து மில்லிமீற்றர் துளி 9 மீற்றர் வேகத்தில் வருகிறது, அதில் 125 மடங்கு தண்ணீர் இருக்கிறது. தண்ணீரின் அளவை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் பெரிய துளியின் அடி சின்னத் துளியின் அடியைப் போல 600 மடங்குக்கு மேல். ஆகவே 20 மில்லிமீற்றர் தூறலும் 20 மில்லிமீற்றர் இடிமழையும் ஏட்டில் ஒரே எண்ணாக இருந்தாலும், மூடாத மண்ணுக்கு ஒன்றாகாது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் இருக்கும் இந்தியாவின் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டு துளிகளை அளந்து பார்த்ததில், ஒரே வேகத்தில் பெய்யும் மழையிலும் தென்மேற்குப் பருவத்துத் துளி வடகிழக்குப் பருவத்துத் துளியைவிடப் பெரிதாக இருந்தது. றப்பர்க் கன்றுகளுக்கு இடையே கொடி வளர்த்து மண்ணை மூடவேண்டும் என்று பழைய தோட்டக் கண்டக்டர்மார் சண்டை பிடித்தது சரிதான் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

மாவுத் தட்டின் வாரிசுதான் லேசர் மழைமானி. 1967இல் சுவிற்சர்லாந்தில் ஜோஸ், வால்ட்வோகல் இருவரும் துளி வந்து அடிக்கும் அதிர்வை மின்சாரமாக்கி எண்ணும் கருவியைச் செய்தார்கள். அதே ஜோஸ், ஜேர்மனியரான லொவ்லர்-மாங்குடன் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஒளியால் எண்ணும் கருவியை விளக்கி எழுதினார். அதன் வழிவந்தவை இன்று உலகமெங்கும் வானிலை நிலையங்களில் நிற்கின்றன.

பார்க்க எளிமையான பொருள். ஒரு கம்பத்தின் தலையில் எதிர் எதிராக இரண்டு பெட்டிகள். ஒன்றிலிருந்து சிவப்பு லேசர் புறப்பட்டு, தாள் போல மெல்லிசாக விரிந்து மற்றதில் போய் விழுகிறது. ஒளித் தாளின் நீளம் 18 சென்ரிமீற்றர், அகலம் 3 சென்ரிமீற்றர், தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர். ஒளி தடையில்லாமல் விழும்வரை எதிர்ப்பெட்டியில் மின்னழுத்தம் ஒரே அளவாக நிற்கும். ஒரு துளி தாளை ஊடறுத்து விழுந்தால், அது மறைத்த அளவுக்கு மின்னழுத்தம் இறங்கும். எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பதிலிருந்து துளியின் பருமன் தெரிகிறது, எவ்வளவு நேரம் இறங்கி நின்றது என்பதிலிருந்து அதன் வேகம் தெரிகிறது. ஒரு மில்லிமீற்றர் துளிக்கு அந்த நேரம் செக்கனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பருமனுக்கு 32 வகுப்பு, வேகத்துக்கு 32 வகுப்பு, ஆக 1,024 கட்டங்கள். ஒவ்வொரு துளியும் அதற்குரிய கட்டத்தில் போய் விழுகிறது. பருமனும் வேகமும் பொருந்துகிற விதத்தைக் கொண்டு தூறலா, மழையா, ஆலங்கட்டியா என்று கருவியே சொல்லிவிடும். ஒரு நிமிடத்தில் விழுந்த துளிகளின் கனவளவைக் கூட்டினால் அந்த நிமிடத்து மழை வந்துவிடும். அசைகிற உறுப்பு எதுவும் இல்லை, போத்தல் இல்லை, வழிகிற குழல் இல்லை, இலை அடைக்கும் புனல் இல்லை.

மழையைப் போலவே, மூட்டத்துக்குள் பார்வைத் தூரத்தை அளக்கவும் ஒளியே துணை. நான் கிளாக்கராக இருந்த காலத்தில் மூட்டத்தைக் கண்ணால்தான் அளந்தார்கள். வானிலை நிலையத்து ஆட்கள் தூரம் தெரிந்த ஒரு கோபுரம், ஒரு மரம், ஒரு மலை என்று குறித்துவைத்து, எது வரை தெரிகிறது என்று எழுதுவார்கள். எங்களுக்கு அந்தக் குறி சிவனொளிபாதமலை. இப்போது ஒரு பெட்டி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காற்றில் விட, சற்றுச் சாய்வாக நிற்கும் இன்னொரு பெட்டி சிதறி வரும் ஒளியை மட்டும் பார்க்கிறது. காற்று தெளிவாக இருந்தால் ஒன்றும் வராது, மூட்டத்தின் நுண்துளிகள் நிறைந்திருந்தால் ஒளி நிறையச் சிதறி வரும். ஒளியின் பலம் இருபதில் ஒரு பங்காகக் குறைகிற தூரத்தைப் பார்வைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது ஒரு கிலோமீற்றருக்குக் கீழே போனால் மூடுபனி. விமானம் இறங்குவதற்காக வளர்ந்த வித்தை இது. இறக்குவானைக்கு மேலே புளுத்தோட்டைக் கணவாயிலும், கினிகத்தேனை இறக்கத்திலும், கடுகண்ணாவையிலும் மூட்டத்துக்குள் பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் இது உதவ வேண்டும் என்பது என் ஆசை.

லேசர் மழைமானிக்குக் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. இரண்டு துளி ஒரே கணத்தில் தாளைக் கடந்தால் ஒரு பெரிய துளி என்று நினைத்துக்கொள்ளும். விளிம்பில் பாதி பட்ட துளியைச் சின்னதாக எண்ணும். பலத்த காற்றில் சாய்ந்து வரும் மழையில் வேகத்தைத் தப்பாகப் படிக்கும். சிலந்தி இரண்டு பெட்டிக்கும் நடுவே வலை கட்டும், நம் ஊரில் அது ஒரே இரவு வேலை. விலையும் அதிகம், மின்சாரமும் வேண்டும். இதை லயத்துக்கு லயம் வைக்க முடியாது. இரத்தினபுரி, பலாங்கொடை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை என்று நாலைந்து மலைச்சரிவில் வைத்தால், சுற்றியுள்ள சாதாரண மானிகள் எங்கே தவறுகின்றன என்று கண்டுகொள்ளலாம். நம் மலைகளில் எந்த மாதத்து மழை எவ்வளவு அடிக்கிறது என்ற கணக்கும் முதன்முறையாகக் கிடைக்கும்.

கருவி மட்டும் போதாது என்பதற்குக் கேரளத்து மூணாறு சாட்சி. அங்கே ராஜமலையில் இந்தியாவின் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் முகிலையும் மழைத்துளியையும் ஆராயும் நிலையம் ஒன்றை வைத்திருக்கிறது. அதே ராஜமலையில் பெட்டிமுடி என்ற தேயிலைத் தோட்டத்து லயங்கள், 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு மண்ணுக்குள் போயின. 70 பேர். தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள், எங்களைப் போன்றவர்கள். அந்த ஒரு நாளில் அங்கே 600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பதிவானது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்து கிடந்ததால், நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலையாகிவிட்டது. மழை அளக்கப்பட்டது, மழை எழுதப்பட்டது. படுத்திருந்தவர்களை எழுப்பிச் சொல்லும் ஒரு குரலுக்கு வழி இருக்கவில்லை.

இலங்கையிலும் இப்போது தானியங்கி மானிகள் இருக்கின்றன, கைபேசிக்கு எச்சரிக்கை வருகிறது. சரிவில் இருக்கும் சில கிராமங்களுக்கு எளிய பிளாஸ்டிக் மானிகளும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. நல்ல வேலை. ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வந்த அறிவித்தல் ஒன்று முழுக்கச் சிங்களத்தில் இருந்ததையும், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அதை லயத்தாருக்கு வாசித்துச் சொன்னதையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழ் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. மண்சரிவு எச்சரிக்கையைவிட அவசரமான அரசாங்கக் கடிதம் வேறு எது?

தோட்ட ஆபீஸ்களுக்கு ஒன்று கேட்கிறேன். மழை எண்ணை ஏட்டில் எழுதும் அதே கையால் பிரட்டுக்களத்துப் பலகையிலும் எழுதுங்கள், தமிழிலும் சிங்களத்திலும். அதன் பக்கத்திலேயே 75, 100, 150 என்ற மூன்று எண்ணையும் நிரந்தரமாக எழுதிவையுங்கள். பழைய மழை ஏடுகள் எங்காவது மிஞ்சியிருந்தால் எரிக்காதீர்கள், வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு அனுப்புங்கள்.

லயத்தில் இருக்கும் என் மக்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மேலும் கீழும் ஒரே அகலமாக, அடி தட்டையாக இருக்கும் எந்தப் பாத்திரமும் மழைமானிதான். மரத்துக்கும் கூரைக்கும் எட்டத்தில், திறந்த வெளியில், சாயாமல் வையுங்கள். நிற்கிற தண்ணீரில் பிள்ளையின் அடிமட்டத்தை நிறுத்திப் பார்த்தால் அதுதான் மில்லிமீற்றர். காலை எட்டரைக்காகக் காத்திருக்க வேண்டாம். ராத்திரி மழை கனத்தால் மணிக்கு ஒரு தரம் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஏழரைச் சென்ரிமீற்றர் ஏறினாலோ, லயத்துக்குப் பின்னால் புதிதாக மண் வெடித்தாலோ, ஓடையில் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, யாருடைய உத்தரவுக்கும் நிற்காமல் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு சரிவை விட்டு வெளியேறுங்கள். பிறகு 117க்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள்.